பூதக்கண்ணாடியும் பின்னால் நிற்கிறவரும்

டிக்கெட் செக்கர்தான் அவர், ஆனால் பேருந்தில் ஏறியதும் டிக்கெட்டைக் கேட்க மாட்டார். படிக்கட்டருகே நின்று முதலில் எல்லோருடைய காதுகளையும் ஒரு சுற்றுப் பார்ப்பார். டிக்கெட் எடுக்காதவன் முகத்தை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்வான், காதோரம் துடிக்கிற நரம்பை மட்டும் அவனால் அடக்க முடியாது என்பது அவருடைய கண்டுபிடிப்பு. கண்டக்டர்கள் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயர் இருப்பது அவருக்குத் தெரியும். வைத்தது யார் என்றுதான் பல வருஷமாகத் துருவிக்கொண்டிருந்தார்.

வீட்டிலும் அதே கதைதான். பிஸ்கட் டப்பாவின் மூடி கொஞ்சம் திரும்பியிருந்தால் விசாரணை நடக்கும். "நான் தும்மினாக்கூட ஏன் தும்மினேன்னு கேக்குற மனுஷன்" என்று மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். மகள் ஒருவனை விரும்புவதாகச் சொன்னபோது, அந்தப் பையன் போகும் பேருந்திலெல்லாம் கடைசி இருக்கையில் உட்கார்ந்து அவனைக் கண்காணித்தார். ஒரு நாள் அவன் எழுந்து வந்து, "மாமா, உங்களுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துட்டேன்" என்று நீட்டினான். கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை ஏன் அவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டான் என்ற சந்தேகம் மட்டும் அவருக்கு இன்னும் தீரவில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்குப் பிரிட்டிஷ் சினிமா நடிகர்கள் மேல் பைத்தியம் என்றால் யாரும் முதலில் நம்ப மாட்டார்கள். செக்கர் வேலை கிடைப்பதற்கு முன்னால், இளவயதில், ஒரு தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். காலைக் காட்சிக்கு ஆங்கிலப் படம் போடுவார்கள். கூட்டம் உள்ளே போனதும் கதவோரம் இருட்டில் நின்று பார்ப்பார். பேச்சு பாதி புரியாது. ஆனால் அந்த நடிகர்களின் முகம் அவரைக் கட்டிப்போட்டது. மற்றவர்கள் அழுதால் அழுகை தெரியும், கோபித்தால் கோபம் தெரியும். இவர்களோ வீடு பற்றி எரிந்தாலும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஜன்னலைப் பார்ப்பார்கள். உள்ளே என்னத்தையோ ஒளித்து வைத்திருக்கிறான், அது என்ன என்று கண்டுபிடிக்கிற வேலை பார்க்கிறவனுடையது. அவருக்கென்றே செய்து வைத்த மாதிரி இருந்தது.

வயது ஐம்பதைத் தாண்டிய பிறகு அவருக்குத் தோதாக ஒரு கூட்டமும் அமைந்தது. கடைத்தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவரும் இதே பைத்தியம்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டூடியோவின் பின்னறையில், வரைந்த மலையும் ஏரியும் உள்ள திரைச்சீலையை ஒதுக்கிவிட்டு, வெள்ளைச் சுவரில் படம் போடுவார். மருந்துக்கடைக்காரர் வருவார். பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் வருவார். வாரம் ஒருவர் தனக்குப் பிடித்த பிரிட்டிஷ் நடிகர் ஒருவரையும், அவர் நடித்ததிலேயே உச்சமான வேஷத்தையும் சிபாரிசு செய்ய வேண்டும். மற்றவர்கள் அடுத்த வாரத்துக்குள் பார்த்துவிட்டு வந்து சண்டை போட வேண்டும்.

நடிகர்களின் பெயரை எப்படி உச்சரிப்பது என்பதில் ஆரம்பத்திலேயே ஒரு கைகலப்பு வரப் பார்த்ததால், எல்லோருக்கும் பட்டப்பெயர்தான். மருந்துக்கடைக்காரரின் ஆள் 'கரகரப்பு'. அந்த நடிகரின் உச்ச வேஷம், தான் தூக்குத் தண்டனை கொடுத்தவனின் வீட்டுக்கே குடிவரும் ஒரு நீதிபதி. டிராயிங் மாஸ்டருக்கு 'தொப்பிக்காரம்மா' என்றால் உயிர். கலங்கரை விளக்கத்தில் தனியாக இருக்கும் கிழவியாக அந்த அம்மா வாயே திறக்காமல் நடித்ததைச் சொல்லும்போது மாஸ்டரின் குரல் கம்மும். பூதக்கண்ணாடியின் தெய்வம் 'கல்லுமுகம்'. தன் பாங்கிலேயே காலமெல்லாம் திருடிவிட்டு, விசாரிக்க வந்த போலீஸ்காரருக்கு நாற்காலி இழுத்துப் போடும் மேனேஜர் வேஷம். "அந்த நாற்காலியை இழுக்குற கையப் பாருங்க. கை நடுங்கல. ஆனா நாற்காலி நடுங்குது" என்பார். சொல்லிவிட்டு, எல்லோரும் உண்மையிலேயே பார்த்தார்களா என்று குறுக்கு விசாரணை செய்வார். ஒரு தடவை மருந்துக்கடைக்காரர் ஒரு படத்தைப் பாதியில் விட்டுவிட்டு முழுதாகப் பார்த்ததாகச் சொல்லி, கையும் களவுமாக மாட்டிக்கொண்டார். மனிதர் அன்றைக்கு அசடு வழிந்ததை யாரும் மறக்கவில்லை.

அதனால்தான், சில மாதம் கழித்து அதே மருந்துக்கடைக்காரர் தன் ஒன்றுவிட்ட அக்காவை அழைத்துக்கொண்டு வந்தபோது பூதக்கண்ணாடிக்கு மூக்கில் வியர்த்தது.

அந்த அம்மாவுக்குப் பல்செட் செய்கிற வேலை. பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு, மெழுகிலும் பிளாஸ்டரிலும் பற்களை உருவாக்கித் தரும் சின்னப் பட்டறை ஒன்றைத் தனியாளாக நடத்திவந்தாள். முழங்கையில் வெள்ளைத்தூள் ஒட்டியிருந்தது. அவள் முறை வந்ததும் கூச்சப்படாமல் பேசினாள்.

"எனக்குப் பிடிச்சவரு பெரிய ஆளெல்லாம் இல்லீங்க. பெரிய நடிகர் முன்னால நின்னு பேசுவாருல்ல, அவருக்குப் பின்னால ஒருத்தர் நிப்பாரு. வண்டி ஓட்டுவாரு, கதவு திறப்பாரு. எந்தப் படத்துலயும் அவருக்கு வேலை அவ்வளவுதான். நான் அவரப் பின்னால நிக்கிறவர்னுதான் சொல்லுவேன்."

"சரிம்மா, உச்ச வேஷம்?" என்றார் ஸ்டூடியோக்காரர்.

"ஒரு ரயில்வே ஸ்டேஷன். முன்னால கதாநாயகனும் பொண்ணும் நிக்கிறாங்க. பின்னால இவரு ஏணி போட்டு ஏறிக் கடிகாரத்துக்குச் சாவி குடுக்குறாரு. இவரோட தம்பி சண்டைக்குப் போனவன். இந்த ரயில்ல வர்றேன்னிருக்கான். நேரமாகுது, ரயில் வரல. இவரு சுத்தியும் பாத்துட்டு, முள்ள மெதுவாப் பின்னால தள்ளி வைக்கிறாரு. ரயிலு லேட்டுன்னு ஒருத்தரும் சொல்லிடக் கூடாது பாருங்க. இறங்கி வந்து உதட்ட இறுக்கி மூடிக்கிட்டு நிப்பாரு. அவ்வளவுதான் அவரு வேஷம்."

டிராயிங் மாஸ்டர் மூக்கை உறிஞ்சினார். பூதக்கண்ணாடியும் குறுக்கே ஒரு கேள்விகூடப் போடாமல் கேட்டிருந்தார். அதுவே அவருக்குச் சந்தேகமாகிவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்.

"படத்தோட பேரு என்னம்மா?"

"தெரியலையே சார்."

"எந்த வருஷத்துப் படம்?"

"கறுப்பு வெள்ளை. அவ்வளவுதான் தெரியும்."

"நடிகர் பேரு?"

"பின்னால நிக்கிறவரு பேர யாரு சார் பெருசா போடுறாங்க?"

டிக்கெட் எங்கே என்றால் பையைத் துழாவுகிறவர்களை அவர் ஆயிரக்கணக்கில் பார்த்தவர். இவளோ துழாவக்கூட இல்லை. அடுத்த முறையும் அதே நடிகர், வேறொரு வேஷம்: மழையில் மணமகளுக்குக் குடை பிடிக்கும் ஓட்டல் வாசல்காரர்; உண்மையில் அவள் அப்பாவே அவர்தான், ஆனால் அவளுக்குத் தெரியாது. பெயர் கேட்டால் மறுபடியும் தெரியாது. ஸ்டூடியோக்காரர் எங்கெங்கோ தேடியும் குடைக்காரர் அப்பாவாக வரும் படம் அகப்படவில்லை.

பூதக்கண்ணாடிக்குத் தூக்கம் போயிற்று. இவள் கதை கட்டுகிறாள். சரி, யாருக்காக? மருந்துக்கடைக்காரர் பழியைத் தீர்க்க இவளைக் கொண்டுவந்திருக்கிறார். நாம் எல்லோரும் உருகி உருகித் தலையாட்டின பிறகு, ஒரு நாள் 'அப்படி ஒரு நடிகரே கிடையாது' என்று போட்டுடைத்துக் கைகொட்டிச் சிரிக்கப் போகிறார்கள். அவள் பேசும்போது மருந்துக்கடைக்காரர் ஏன் தரையைப் பார்க்கிறார்? இத்தனை வருஷ அனுபவத்தில் நம் காதிலேயே பூச்சுற்றப் பார்க்கிறார்களே!

மனைவியிடம் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள், "கதை நல்லா இருந்துச்சுல்ல?"

"நல்லா இருந்துச்சான்னு யாரு கேட்டா? நிஜமான்னுதான் கேள்வி."

"அது உங்க கேள்வி" என்று மடித்த துணியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

அவருக்குக் கீழ்வரிசையில் நாலு பல் செட்டு. கொஞ்ச நாளாகவே ஆடிக்கொண்டிருந்தது. அதையே சாக்காக வைத்து, ஒரு மதியம் பட்டறைக்குப் போய் இறங்கினார். முன்னறையில் மேஜை முழுக்க மூடாத வாய்கள். ரோஜா நிற ஈறுகள், பல் பதித்தவையும் பதிக்காதவையும். ஓரத்தில் சின்ன விளக்கில் மெழுகு உருகிக்கொண்டிருந்தது. அவள் மோட்டாரில் ஒரு பல்செட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். காதைப் பிளக்கிற சத்தம். எதிர்ச்சுவரில் டிவி. அதில் கறுப்பு வெள்ளையில் இரண்டு வெள்ளைக்காரர்கள் வாயசைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் மோட்டாரை நிறுத்தினாள். அப்போதும் டிவியில் சத்தம் வரவில்லை.

"சவுண்டு வைக்கலாமேம்மா" என்று நூல் விட்டுப் பார்த்தார்.

"ஸ்பீக்கர் எப்பவோ போயிருச்சு சார். இருந்தாலும் இந்த மோட்டார்ல எங்க கேக்கும்? இதுல மத்தியானம் மத்தியானம் பழைய இங்கிலீஷ் படம் போடுவான். நிமிர்ந்து பாக்குறப்ப பாத்துக்குவேன்."

"கீழ எழுத்து ஓடுதே?"

"கிட்டப் பாக்குற கண்ணாடி போட்டிருக்கேன். அந்த எழுத்தெல்லாம் எறும்பு மாதிரித்தான் தெரியும்."

"அப்ப கதை எப்படித் தெரியும் உங்களுக்கு?"

அவள் அவரை வினோதமாகப் பார்த்தாள். "பாத்தாத் தெரியாதா சார்?"

பூதக்கண்ணாடி மனதுக்குள் குறித்துக்கொண்டார். ஆள் அகப்பட்டுவிட்டாள். அவளோ கூண்டுக்குள் நிற்பதே தெரியாமல் அவருடைய செட்டை வாங்கி விளக்கில் காட்டித் திருப்பிப் பார்த்தாள். கொக்கியை நெருக்கிக் கொடுத்தாள். அந்த ஸ்டேஷன் படம் மறுபடி எப்போது வரும் என்று பேச்சுவாக்கில் கேட்டார். "வியாழக்கிழமை வருதுன்னு விளம்பரத்துல காட்டுனான். பாருங்க சார், அழுதுருவீங்க" என்றாள் சந்தோஷமாக.

வியாழக்கிழமை லீவு போட்டார். டிப்போவில் எல்லோரும் அவருக்கு உடம்புக்கு என்னமோ என்று பயந்துபோனார்கள். வீட்டில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, கீழே ஓடிய எழுத்தை விடாமல் படித்தார். நடிகர் இருந்தார். ஸ்டேஷன் இருந்தது. ஏணியும் கடிகாரமும் இருந்தன. முள்ளைப் பின்னால் தள்ளுவதும் இருந்தது. தம்பிதான் இல்லை. அந்த ஆள் ரயில் கொள்ளைக் கூட்டத்தில் ஒருவன். காவலாளி கடிகாரத்தைப் பார்த்து, இன்னும் நேரமிருக்கிறது என்று அசந்திருக்கும்போது ரயிலின் தபால் பெட்டியைக் காலி செய்யத்தான் முள்ளைத் தள்ளுகிறான். ரயிலில் வந்திறங்கும் இளைஞன் அவன் கூட்டாளி.

"பாத்தியா?" என்று துள்ளி எழுந்தார்.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "எனக்கு அந்தம்மா சொன்னதுதான் தெரியுது" என்றாள்.

படத்தின் பெயர் தெரிந்துவிட்டதால் ஸ்டூடியோக்காரர் அதை எங்கிருந்தோ வாங்கிவிட்டார். எதற்கு என்று அவரிடம் செக்கர் சொல்லவில்லை. அந்த ஞாயிறு பின்னறையில் விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டார்கள். பூதக்கண்ணாடி சுவரைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நடிகர் ஏணியில் ஏறியதும் அவள் முகம் மலர்ந்தது. நடிகர் முதல் தடவையாக வாய் திறந்து பேசினார். அவள் புருவம் சுருங்கியது. கொள்ளைக் கூட்டம் கூடிப் பேசியபோது, பக்கத்தில் இருந்த டிராயிங் மாஸ்டரிடம் எழுத்தைப் படித்துச் சொல்லச் சொன்னாள். மாஸ்டர் தயங்கித் தயங்கிப் படித்தார். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்ப அந்தத் தம்பி?" என்று கேட்டாள்.

"தம்பின்னு ஒருத்தனே படத்துல கிடையாதும்மா" என்றார் பூதக்கண்ணாடி. இந்த வாக்கியத்தை வீட்டில் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தார். சொன்னபோது அது எதிர்பார்த்த மாதிரி ஒலிக்கவில்லை. சபாஷ் என்று யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தார். ஸ்டூடியோக்காரர் எழுந்து விளக்கைப் போட்டார். மருந்துக்கடைக்காரர் செருப்பைத் தேடினார். அவள் பையை எடுத்துக்கொண்டு, எல்லோருக்கும் பொதுவாக ஒரு தலையசைப்பு வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

"நீங்க டிக்கெட் கேக்காத இடமே கிடையாதா சார்?" என்றார் டிராயிங் மாஸ்டர். அந்த மனிதர் அவ்வளவு கடுமையாக அதுவரை யாரிடமும் பேசியதில்லை.

அடுத்த வாரம் அவள் வரவில்லை. சிபாரிசுகள் நடந்தன. கரகரப்பும் கல்லுமுகமும் வந்து போனார்கள். சண்டையில் உப்பில்லை, உறைப்பில்லை. அதற்கும் அடுத்த வாரம் ஸ்டூடியோக்காரர் போனில், "பெயின்ட் அடிக்கிறோம் சார், இந்த ஞாயிறு வேண்டாம்" என்றார். செக்கர் சும்மா இருப்பாரா? அந்த வழியாக நடந்துபோய் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார். பெயின்ட் வாசமே இல்லை. டிராயிங் மாஸ்டரைக் கூப்பிட்டார். பொய் சொல்லத் தெரியாத மாஸ்டர் இருமி இருமியே பேச்சை முடித்துக்கொண்டார். மருந்துக்கடை பூட்டியிருந்தது.

என்னை விட்டுவிட்டுக் கூடுகிறார்கள்.

அவர் சந்தேகப்பட்டதில் பாதி சரியாக இருக்கும், மீதி வீணாகப் போகும். இந்த ஒன்று மட்டும் வீணாகப் போயிருக்கக் கூடாதா என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே பட்டறைக்குப் போனார். வாசலில் மூன்று ஜோடி செருப்பு கிடந்தது. எது யாருடையது என்று கேட்க வேண்டியதே இல்லை. உள்ளே மோட்டார் ஓடவில்லை. ஆனால் பேச்சுச் சத்தம் வந்தது.

"இல்லைங்க, அவன் அவளைக் காப்பாத்தத்தான் போறான்" என்றது மருந்துக்கடைக்காரர் குரல்.

"கைல விளக்க வச்சிருக்கான், மூஞ்சில வெளிச்சமே விழல. பெயின்டர் கண்ணுக்குத் தெரியும் சார், அவன் வில்லன்" என்றார் டிராயிங் மாஸ்டர்.

சத்தமில்லாத டிவிக்கு முன்னால் மூவரும் அரைவட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் மேஜைக்குப் பின்னால் மெழுகைச் சுரண்டிக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். பூதக்கண்ணாடி கதவருகே நின்றதை முதலில் பார்த்தது ஸ்டூடியோக்காரர். அவர் வாய் பாதியில் நின்றது. எல்லோரும் திரும்பினார்கள். பேருந்துக்குள் செக்கர் ஏறினால் விழுமே, அதே மௌனம்.

பேச வேண்டும் என்று பூதக்கண்ணாடிக்குத் தோன்றியது. பெயின்ட் என்னாச்சு என்று கேட்டிருக்கலாம். கேள்வி நாக்கு நுனி வரை வந்தும் வெளியே வரவில்லை.

அவள்தான் தலை நிமிர்த்தினாள். "வாங்க சார். என்ன, பல்லு மறுபடி ஆடுதா?"

கொக்கி இரும்பு மாதிரி பிடித்திருந்தது. "ஆமாம்மா" என்றார். "கொஞ்சம் ஆடுது."

அது பொய் என்பது செய்து கொடுத்தவளுக்குத் தெரியாமல் இருக்குமா? அவள் எழுந்து வந்து செட்டை வாங்கினாள். விளக்கில் காட்டிப் பார்த்தாள். சும்மா ஒரு தடவை துணியால் துடைத்துத் திருப்பிக் கொடுத்து, "இப்பச் சரியா இருக்கும்" என்றாள். பேருந்தில் எத்தனையோ பேரை இறக்கிவிட்டவருக்கு, இறக்கிவிடாமல் விடுவதும் ஒருவரால் முடியும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

"அன்னிக்கு நான் அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது" என்றார் தணிந்த குரலில். "நீங்க வராமப் போனதுக்கு நான்தான் காரணம்."

"அட, அதுக்கு இல்ல சார். அவரு குரலைக் கேட்டேன் பாருங்க, அதுதான் தாங்கல. கீச்சுன்னு ஒரு குரல்! இத்தன வருஷமா அவருக்கு நான் எப்படிப்பட்ட குரல் வச்சிருந்தேன் தெரியுமா? அதைத் திரும்பக் கொண்டுவர்றதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு." பிறகு, ரகசியம் மாதிரிச் சொன்னாள், "இன்னொண்ணு சொல்லட்டுமா? அவரு உதட்ட இறுக்கி மூடிக்கிட்டு நிக்கிறதப் பாத்துத்தானே நாம உருகுறோம்? கீழ்ப்பல் செட்டு சார். அளவு சரியில்ல. விழுந்துருமோன்னு பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு."

மருந்துக்கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பூதக்கண்ணாடி சிரிக்கவில்லை. குரல் விஷயம் நிஜமா, இல்லை தன்னைச் சமாதானப்படுத்தச் சொன்னதா? பல்செட் விஷயம் நிஜமா? இரண்டையும் எப்படிச் சரிபார்ப்பது? அவள் முகத்தைப் பார்த்தார். கல்லுமுகம்கூட அவ்வளவு நன்றாக ஒளிக்க மாட்டார்.

"உக்காருங்க சார், படம் ஓடுது" என்றார் ஸ்டூடியோக்காரர், தரையைப் பார்த்தபடி.

காலியாகக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். திரையில் ஒரு பெரிய வீட்டின் கூடம். ஒரு பெண் பெட்டியோடு மாடிப்படியில் இறங்கி வந்தாள். அவள் ஊருக்குப் போகிறாள் என்றார் மருந்துக்கடைக்காரர். புருஷனோடு சண்டை என்றார் மாஸ்டர். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த பூதக்கண்ணாடிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"போகலைங்க. பெட்டி காலி. கனம் இருந்தா தோள் இறங்கும், இறங்கலையே. போறேன்னு காட்டிட்டு, யாரு தடுக்குறாங்கன்னு ஆழம் பாக்குறா."

மூன்று பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். திரையில் அந்தப் பெண் வாசல்வரை போய், பெட்டியை வைத்துவிட்டு நின்றாள். யாரும் தடுக்க வரவில்லை. பின்னால் கதவைத் திறந்து பிடித்தபடி அந்த நடிகர், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு.

"ஐயோ பாவம்" என்றாள் பல்செட் அம்மா. "சொல்லுங்க சார், அப்புறம்?"

அன்று முதல் கூட்டம் பட்டறையிலேயே நடந்தது. சிபாரிசு செய்கிறவர் படத்தைச் சத்தமில்லாமல் போட வேண்டும் என்பது புது ஏற்பாடு. நிஜக் கதையைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவர்கள் வீட்டுக்குப் போய்த் தெரிந்துகொள்ளலாம். பூதக்கண்ணாடி ஒவ்வொன்றையும் வீட்டுக்குப் போய்த் தெரிந்துகொண்டார். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த முதல் ஞாயிறு வீடு திரும்பியதும் மனைவியிடம் கேட்டார், "நான் அங்க வருவேன்னு அவங்களுக்கு முன்னாலேயே யாரோ சொல்லியிருக்காங்க. நாற்காலி ஒண்ணு காலியாக் கிடந்துச்சு. நீ எதுவும் போன் பண்ணியா?"

"எனக்கு வேற வேலை இல்லையா?" என்று சொல்லிவிட்டு அவள் ஜன்னலைச் சாத்தப் போனாள். கொஞ்சம் பொறுத்து, முகத்தைத் திருப்பாமலே, "அடுத்த வாரம் நானும் வரட்டுமா?" என்றாள்.

"எதுக்கு?" என்றார் அவர்.